காசல்ரீயில் பழகிய தூண்டில், வெள்ளவத்தை கெனல் வாயில் ஏன் படுவதில்லை?

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சின்ன வயசிலிருந்தே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியாவும் கார்ப்பும் பிடித்துப் பழக்கமாம். மாசத்துக்கு ஒரு தடவை வெள்ளவத்தையில் வேலை செய்யும் அண்ணனின் ரூமுக்குப் போகிறார். அங்கே கெனல் கடலில் விழும் இடத்தில், கல்லின் மேல் நின்று தூண்டில் போட்டால் மீன் படுவதே இல்லை. ஈயமும் முள்ளும்தான் கல் இடுக்கில் போகிறது. என்ன இரை போட வேண்டும், என்ன ராட் வாங்க வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் இரையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், எழுதியதைப் படித்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழகாத தண்ணீரின் போக்கு எப்படிப் பிடிபடும், அந்தக் கல்லில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்பதுதான் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது. அது தெரிந்துவிட்டால் இரை ஒரு சின்ன விஷயம். நான் ஹட்டன் பக்கத்து ஆள். வெள்ளவத்தையில் கடை வேலை பார்த்த வருஷங்களில் ஞாயிறும் போயாவும் பெரும்பாலும் அந்தக் கல்லின் மேல்தான் கழிந்தன. இப்போது ஊரோடு வந்துவிட்டேன், ஆனாலும் கொழும்புக்கு இறங்கினால் ராட்டை விட்டுவிட்டுப் போவதில்லை. நான் சொல்வது வெள்ளவத்தை, தெஹிவளை கெனல் வாய்களுக்குப் பொருந்தும். மட்டக்களப்புக்கோ திருகோணமலைக்கோ இதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அங்கே கடல் குழம்பும் மாசங்களே வேறு.

அடுத்த தடவை போகும்போது முதல் ஒரு மணித்தியாலம் ராட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கொஞ்சம் உயரமான, காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கெனலில் மிதந்து வரும் ஏதாவது ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரைக் கொத்தோ, வெற்றுப் போத்தலோ, எதுவாக இருந்தாலும் சரி. அது கெனலின் நடுவில் வேகமாக வரும். வாயைத் தாண்டியதும் அலை அதைத் தூக்கித் தூக்கிப் போடும், வேகம் குறையும். அப்புறம் ஒரு இடத்தில் தயங்கி நின்று, பக்கவாட்டில் ஒதுங்கி, கல்லோரமாக மெதுவாகத் திரும்பி வரும். சில சமயம் அங்கேயே இரண்டு மூன்று சுற்று சுற்றும். அது தயங்கிய இடத்தையும் திரும்பிய கோட்டையும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் தண்ணியும் கடல் தண்ணியும் சந்திக்கும் வரம்பு அதுதான், வெயில் ஏறியதும் நிறமே அதைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டத்தில் அடித்துவரப்படும் குஞ்சு மீனும் இறாலும் அந்த வரம்பில் வந்து திணறும். பெரிய மீன் ஓட்டத்துக்குள் நின்று மல்லுக்கட்டாமல், ஓட்டம் தளரும் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டு, வருவதை எடுக்கும்.

இது உங்களுக்குப் புதுசு இல்லை. நோர்வூட்டுக்குக் கீழே கெசல்கமு ஓயா காசல்ரீயில் வந்து கலக்கும் இடத்தை, மழை விட்ட அடுத்த நாள் போய்ப் பாருங்கள். பழுப்புத் தண்ணி பச்சைத் தண்ணிக்குள் நாக்கு நீட்டியபடி போகும், ஓரத்தில் நுரை ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டில் போட்டால் படும் என்று உங்கள் ஊர்ப் பையன்களுக்கே தெரியும். கெனல் வாயில் நடப்பதும் அதுதான். என்ன, அலை அந்தக் கோட்டைக் கலைத்துக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குப் பிடிபட நேரமாகும். கொழும்புக்கு இறங்காத வாரங்களில் ஓயா வாயில் நின்று, கோட்டுக்கு மேல்பக்கம் எறிந்து, தூண்டிலை ஓட்டத்தோடு மிதக்கவிட்டுக் கோட்டுக்குள் கொண்டுவரப் பழகுங்கள். கடலுக்கு இதைவிட நல்ல பயிற்சி மலைநாட்டில் கிடைக்காது.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். கெனல் தண்ணி நல்ல தண்ணி, கடல் தண்ணி உப்பு. உப்புத் தண்ணிக்குக் கனம் அதிகம். அதனால் கெனல் தண்ணி வாயைத் தாண்டியதும் மேலே ஒரு படலமாகப் பரவும், கடல் தண்ணி அதற்கு அடியில் நுழையும். மேலே குப்பை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே, அடியில் தெளிந்த தண்ணி உள்ளே வந்துகொண்டிருக்கலாம். காசல்ரீயில் மேலே பார்ப்பதை வைத்து அடியைச் சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. மேலே கலங்கலாக இருக்கிறதே, இன்றைக்கு வேலைக்கு ஆகாது என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய. ஒரு ஈயத்தை அடிவரை இறக்கி, தங்கூசி (தூண்டில் நூல்) எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அலை பலமாக இருந்தால் இரண்டு தண்ணியும் கலந்துபோகும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது மணல் திட்டு. கடல் மணலைக் கொண்டுவந்து கெனல் வாயை அடைப்பதும், எந்திரம் வைத்து அதை வெட்டிவிடுவதும் அந்தப் பக்கத்தில் வழக்கம். வாய் அடைபட்டிருந்தால் வெளியே ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கென்று தனி மவுசு எதுவும் இல்லை, வேறு கல் பார்த்துப் போங்கள். உங்களுக்கு ஒன்றும் படாத நாட்களில் சில இப்படி வாய் அடைபட்ட நாட்களாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடைபட்ட வாய் புதிதாகத் திறந்தால் உள்ளே தேங்கிய தண்ணி, அதிலிருக்கும் திரளியையும் குஞ்சு மீனையும் அள்ளிக்கொண்டு வெளியே பாயும்; வெளியே பாரை காத்திருக்கும். நல்ல நேரம்தான், ஆனால் வெட்டிய மணலின் விளிம்பில் நிற்காதீர்கள். அடியில் தண்ணி அரித்துக்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் உறுதியாகத் தெரியும், திடீரென்று சரிந்துவிடும்.

மழையும் அப்படித்தான், கொஞ்சம் பெய்தால் நல்லது, கொட்டினால் கெடுதி. கொழும்பில் பெருமழை பெய்த உடனே வருவது நகரத்தின் அழுக்கு முழுவதும் கரைந்த கறுப்புத் தண்ணி. அதில் மீன் ஒதுங்கிவிடும், உங்கள் முள்ளில் பொலித்தீன் பைதான் மாட்டும். ஒன்றிரண்டு நாள் கழித்து, கறுப்பு மாறிச் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்து, ஓட்டம் மட்டும் இன்னும் நன்றாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்தக் கெனல் வாய்களில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஹட்டனில் கொட்டுகிற மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி மட்டக்குளிப் பக்கம்தான் கடலில் விழுகின்றன. வெள்ளவத்தை கெனலுக்கு வருவது கொழும்பில் பெய்த தண்ணி. ஆகவே கிளம்புமுன் அண்ணனுக்கு ஒரு கோல் எடுத்து, அங்கே மழை எப்படி என்று கேளுங்கள்.

ஏற்றம் வற்றம் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வெளிநாட்டு வீடியோக்களில் அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நம் மேற்குக் கரையில் கடல் ஏறி இறங்குவது மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏறத்தாழ அரை மீற்றர்தான், மற்ற நாட்களில் அதிலும் குறைவு. ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஏறும், அதே அளவு நேரம் வற்றும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப்போகும். அரை மீற்றர் என்றாலும் கெனல் வாய் குறுகலானது என்பதால் வித்தியாசம் தெரியும். வற்றும்போது கெனல் வேகமாக வெளியே ஓடும், ஏறும்போது தேங்கி நிற்கும். வற்றத் தொடங்கி ஓட்டம் பிடிக்கும் நேரமும் விடியலும் ஒன்றாக அமைந்தால் விட்டுவிடாதீர்கள். தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி: போயா லீவு பௌர்ணமியில் வருவதால், லீவு நாளிலேயே பெரிய ஏற்ற வற்றமும் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் பௌத்தர்கள் பலர் சில் எடுக்கும் (விரதம் இருக்கும்) நாள் என்பதால் அன்றைக்குக் கொஞ்சம் ஒதுங்கி, சத்தம் போடாமல், பிடித்ததைக் கடைபரப்பாமல் இருப்பது மரியாதை.

இனி கல். இதை நிதானமாகப் படியுங்கள். காசல்ரீயில் நீங்கள் நிற்கும் கரை எப்போதும் ஒரே கரைதான். கடலோரக் கல் அப்படியல்ல. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சின்னது சின்னதாகப் பல வந்துவிட்டு, பிறகு பெரியவை சில சேர்ந்தாற்போல் வரும். அந்தப் பெரியவை வந்து போக இடையில் பத்து நிமிஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கடல் அமைதி என்று இறங்குகிறவரைத்தான் அது அடிக்கும். ஆகவே குறைந்தது இருபது நிமிஷம் பாருங்கள், எந்தக் கல்வரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். வெயில் நேரத்தில் ஒரு கல் ஈரமாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு முன் அலை அதன் மேல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதில் நிற்காதீர்கள். பச்சையோ கறுப்போ பாசி படிந்த கல்லில் கால் வைக்கவே வேண்டாம். அந்தக் கற்கள் பெரும்பாலும் ரயில் பாதையைக் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டியவை, பாறை மாதிரி ஒரே உடம்பு கிடையாது. சிலது ஆடும், இடுக்கில் கால் மாட்டும். ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள், கட்டிப் போடுகிற சப்பாத்து வேண்டும். முள்ளைக் கட்டும்போதும் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் குமுறும். அந்த மாசங்களில் கல்லுக்கு இறங்காதீர்கள், காசல்ரீயே போதும். கடல் ஓரளவு அடங்கியிருப்பது நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை. தனியாகப் போகாதீர்கள். மூடி இறுக்கிய வெற்று ஐந்து லீற்றர் கேன் ஒன்றில் பத்துப் பதினைந்து மீற்றர் கயிறு கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காமல் அதை எறியுங்கள். நீங்களே விழுந்தால், விழுந்த கல்லிலேயே ஏறப் பார்க்காதீர்கள். அலை உங்களைக் கல்லில்தான் மோதும். கல்லைவிட்டு விலகி, மிதந்தபடி மணல் கரைப் பக்கம் போகப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990. நீச்சல் தெரியாது என்றால் கல்லின் மேல் நின்று தூண்டில் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். நம் தோட்டப்பக்கத்தில் நீச்சல் பழகாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை மழுப்பாமல் சொல்கிறேன்.

ஈயம் போகும் பிரச்சினைக்கு வருவோம். நீங்கள் காசல்ரீயில் செய்வதுபோல் தங்கூசியின் நுனியில் ஈயத்தையும் அதை ஒட்டி முள்ளையும் கட்டி அடியில் கிடக்கவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கல் நிறைந்த அடியில் அது நிச்சயம் மாட்டும். இப்படிக் கட்டிப் பாருங்கள்: முக்கியத் தங்கூசி கொஞ்சம் தடிப்பாக, 0.40 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். அதன் நுனியில் ஒரு சுழல், அதாவது தங்கூசி முறுக்கிக்கொள்ளாமல் சுற்றும் சின்ன வளையம். சுழலிலிருந்து முள்ளுக்கு ஒரு முழத் தங்கூசி. அதே சுழலிலிருந்து ஈயத்துக்கு அரை முழம், ஆனால் அது நன்றாக மெலிந்த தங்கூசியாக இருக்க வேண்டும். ஈயம் கல்லில் மாட்டினால் மெலிந்தது மட்டும் அறும், முள்ளும் சில சமயம் மீனும் கைக்கு வரும். ஈயத்துக்குக் காசு செலவழிக்காமல், கராஜில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக்கைக் கேட்டு வாங்கிக் கட்டுகிறவர்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். வரம்பு கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஈயமே வேண்டாம். ஒரு தக்கை, அதற்குக் கீழே ஒன்றரை முழம் விட்டு முள், ஓட்டத்தோடு மிதக்கவிடுங்கள். ராட்டைப் பொறுத்தவரை பத்தடிக்குக் குறையாதது நல்லது, தங்கூசியைக் கல்லுக்கு மேலாகத் தூக்கிப் பிடிக்க அந்த நீளம் உதவும். விலை கூடியது இப்போது தேவையில்லை. எறிவதற்கு முன், மீன் பட்டால் எந்த இடத்தில் அதை மேலே எடுப்பது என்று பார்த்து வைத்துவிடுங்கள். மீன் பட்ட பிறகு தேடினால் ஈரக் கல்லுக்குத்தான் கால் போகும்.

இரைக்கு நீங்கள் கொண்டுபோகும் மண்புழு உப்புத் தண்ணியில் சீக்கிரம் செத்துத் தொய்ந்துவிடும். மார்க்கெட்டில் சின்ன இறால் கொஞ்சம் வாங்குங்கள், புதியது, தோலோடு. சூடைத் துண்டும் நல்லது. ரொட்டி உருண்டைக்குத் திரளி வரும், அதற்குச் சின்ன முள் போதும். விடியற்காலையில் வரம்புக்குள் இறால் மிதந்து போனால் பாரைக் குட்டி, கொடுவா, சில சமயம் செப்பிலி எடுக்கும். அங்கே வழக்கமாக வரும் சிங்கள அய்யேமாரிடம் விசாரிக்கும்போது கொடுவாவை மோதா என்றும், பாரையைப் பராவ் என்றும், செப்பிலியைத் தம்பலயா என்றும் சொல்லுங்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் இடித்துக்கொண்டு நிற்காமல், ஒரு வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லித்தருவார்கள். யூடியூபில் ஒரு மாசம் தேடுவதைவிட அது மேல்.

ஓடும் தண்ணி, விடியலும் அந்தியும், கலங்கலும் தெளிவும் சேரும் வரம்பு, இந்த மூன்றையும் தயங்காமல் சொல்வேன். போலி இரையின் நிறம், காற்று எந்தத் திசையில் அடித்தால் மீன் எடுக்கும், பௌர்ணமி இரவில் மீன் வாயைத் திறக்காது என்பவற்றை ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்வார்கள். சந்திரனால் தண்ணி ஏறி இறங்குவது உண்மை. வெளிச்சத்தால் மீன் எடுக்காது என்பதற்கு எதிராகவும் பல இரவுகளைக் கண்டிருக்கிறேன், ஆதரவாகவும் கண்டிருக்கிறேன். அதை நம்பி ஒரு லீவை வீணாக்க வேண்டியதில்லை.

நம் நீர்த்தேக்கங்களில் பிடித்த மீனைக் கையால் அமுக்கி முள்ளை எடுப்போம். கடலில் அந்தப் பழக்கம் ஆகாது. கெளிறு பட்டால் அதன் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் உள்ள முள் விஷ முள். குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணியில் அந்த இடத்தை அமுக்கி வைத்திருந்தால் வலி தணியும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். உருண்டையாக ஊதிக்கொண்டு, கிளி மூக்குப் போன்ற பல்லோடு வருவது பேத்தை. அதைச் சமைத்தாலும் விஷம் போகாது, உயிரையே எடுக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பூனைக்கும் போடாதீர்கள். பெயர் தெரியாத எந்த மீனையும் பக்கத்தில் நிற்கும் பழகிய ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் பையில் போட வேண்டும். மீனைக் கழுவுவதற்காகக் கெனல் வாயில் இறங்கி நிற்காதீர்கள், அங்கே முதலையும் வரும். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலோரத்தில் முதலை தாக்கி ஒருவர் இறந்துபோனார்.

பிடித்ததைச் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் கேட்பார்கள். அந்தக் கெனல் நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து வருவது. கடலிலிருந்து இரை தேடி வந்த பாரையை நான் தயங்காமல் சாப்பிட்டிருக்கிறேன். கெனலுக்குள்ளேயே கிடந்து வளரும் திலாப்பியாவையும், அடியில் மேயும் மீனையும் திருப்பி விட்டுவிடுவேன், பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். மீனைப் பார்த்தோ முகர்ந்தோ உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கல்லுக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருக்கும். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது, அதனால் இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துக் கடவுங்கள். ராட்டை மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதையோரமாக நடந்து போகாதீர்கள். திரும்பி வந்ததும் அண்ணனின் ரூமிலேயே ரீலையும் ராட்டையும் குழாயை மெதுவாகத் திறந்து நல்ல தண்ணியில் கழுவி, துணியால் துடைத்துக் காயவையுங்கள். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு ரீலுக்குள் போய்விடும். முள்ளையும் சுழலையும்கூட ஒரு கோப்பைத் தண்ணியில் அலசி எடுங்கள். நோர்வூட் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று ஈரத்தோடு பையில் கட்டி பஸ் ஏறினால், அடுத்த மாசம் ரீல் சுற்றாது.